யூயே வீட்டுக் குடைப்பெட்டி

மழை வருமா என்று எங்கள் தைவான் துறைமுக ஊரான கீலுங்கில் யாராவது கேட்டால், அவர் வெளியூர்க்காரர். உள்ளூர்க்காரர்கள் எப்போது விடும் என்றுதான் கேட்போம். அப்படிப்பட்ட ஊரில் பிறந்து, இங்கேயே வளர்ந்து, இங்கேயே வேலைக்கும் போய்க்கொண்டு, குடையை எடுக்க மறந்து நனைந்தபடியே காலம் தள்ளியவள் என் மேல் வீட்டு ஹுங் யூயே.

மறதி என்றால் குடை மட்டும் இல்லை, சாவியும்தான். பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை. முன்னூறு பிள்ளைகளுக்குச் சோறும் சூப்பும் ஆக்கிப் போட்டுவிட்டு, குன்றின் படிகளில் ஏறி வந்து, தன் வீட்டுக் கதவுக்கு முன்னால் நின்று பையைத் துழாவுவாள். பிறகு ஒரு மாடி கீழே இறங்கி என் கதவைத் தட்டுவாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டும்.

"ஷூஹுய், பெய்யுன் வர்ற வரைக்கும் உன் வீட்ல உக்காந்துக்கிறேன்."

"உன் சாவி என் வீட்ல ஒண்ணு இருக்கட்டும்னு எத்தனை தடவை சொல்லியாச்சு?"

"போன மாசம் குடுத்தேனே? அதத் திருப்பி வாங்கிட்டுப் போய்த்தான் இப்ப உள்ள வெச்சுப் பூட்டிட்டேன்."

பெய்யுன் அவளுடைய ஒரே மகள். யூயேயின் கணவன் ஆழ்கடல் மீன்பிடிக் கப்பலில் போனவன். கப்பல் திரும்பி வந்தது. அவன் தெற்கே காவ்சியுங்கில் இறங்கி, அங்கே வேறொரு குடும்பத்தோடு தங்கிவிட்டான். யூயே அதை யாரிடமும் அழுது சொன்னதில்லை. பஸ் வேறு வழியாகப் போக ஆரம்பித்துவிட்டது என்பதுபோலச் சொல்வாள். மகளை வளர்த்தாள், படிக்க வைத்தாள். மகள் தைபெய்யில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து தினமும் ரயிலில் போய் வந்தாள்.

பெய்யுனுக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. உள்ளங்கை அகலத்துக்கு நீல நிறப் பலகை ஒன்று, அர்டுயினோ என்பார்கள். லேப்டாப்பில் எழுதிய கட்டளைகளை ஒரு வயர் வழியாக அதற்குள் ஏற்றிவிட்டால், பிறகு லேப்டாப் வேண்டாம், அது தானாகவே வேலை செய்யும். விளக்குப் போடும், மோட்டார் சுற்றும், சத்தம் எழுப்பும். சனிக்கிழமை மதியங்களில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலிருக்கும் எலக்ட்ரானிக்ஸ் கடையின் மாடியில் இந்தப் பைத்தியங்கள் எல்லாம் கூடும். லிஃப்ட் பழுது பார்த்து ஓய்வு பெற்ற லியாவ், ஆ-ஹுய் என்ற குண்டான பல் டாக்டர், இன்னும் நாலைந்து ஆண்கள். பெண் என்றால் பெய்யுன் ஒருத்திதான். லியாவுக்குக் கைவேலை சுத்தம், ஆனால் புரோகிராம் எழுத வராது. இவளுக்கு எழுத வரும், ஆனால் ஈயத்தை உருக்கிக் கம்பிகளை ஒட்டும் சால்டரிங் வைத்தால் உருண்டை உருண்டையாக நிற்கும். "இது என்ன, மீன் உருண்டைக் கடையா?" என்பாராம் லியாவ். "அண்ணே, நீங்க எழுதின புரோகிராம விட என் மீன் உருண்டை பரவாயில்ல" என்பாளாம் இவள்.

இருபத்தெட்டு வயதில் பெய்யுனுக்கு நோய் வந்தது. அதை விவரித்து யாருக்கும் பயனில்லை. ஆபரேஷன் ஆனது, மருந்து ஏறியது, முடி கொட்டியது, கொஞ்சம் தேறியது, மறுபடி வந்தது. கடைசிக் குளிர்காலத்தில் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டு, சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பையும் ஒரு பழைய அன்னாசிக் கேக் தகர டப்பாவையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் சூப் கொண்டு போனபோது கேட்டேன்.

"என்ன செய்யற?"

"அம்மாவுக்கு ஒரு அம்மா செய்யறேன், அத்தை."

அதுதான் குடைப்பெட்டி. ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு சிறிய தகடு. அதில் மழைத்துளி விழுந்திருக்கும்போது வாசல் கதவைத் திறந்தால் பெட்டி கீழிறங்கும் மெட்டு ஒன்றை இசைக்கும். சாவிக்கொக்கியிலும் ஏதோ வைத்திருந்தாள். சாவி கொக்கியில் தொங்கும்போது கதவு திறந்தால் குப்பை வண்டிப் பாட்டு வரும்.

இதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். சாயங்காலம் தெருமுனையில் குப்பை வண்டியின் பாட்டுக் கேட்டதும் எங்கள் கட்டிடம் முழுக்கப் பையைத் தூக்கிக்கொண்டு படியில் ஓடும். குளிக்கிறவர்கள்கூடப் பாதியில் துண்டைக் கட்டிக்கொண்டு வருவார்கள். பெட்டி வைத்த முதல் வாரம் காலையிலேயே அந்தப் பாட்டுக் கேட்டு நான் பையோடு கீழே ஓடினேன். எனக்கு முன்னால் இரண்டாம் மாடிக் கிழவர் நின்றுகொண்டிருந்தார்.

"அத்தை, நீங்களுமா?" பெய்யுன் மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தாள். தலையில் கம்பளித் தொப்பி. "எங்கம்மாவுக்கு வெச்ச பொறியில ஊரே விழுதே!"

அவள் சிரித்து நான் பார்த்தது அதன்பிறகு அதிகமில்லை. வசந்த காலத்தில் போய்விட்டாள்.

சடங்குகள் முடிந்ததும் கம்பெனிக்காரர்கள் வந்து லேப்டாப்பை வாங்கிக்கொண்டு போனார்கள். அது அவர்களுடையது. யூயே அதைத் துணியால் துடைத்து, உறையில் போட்டுக் கொடுத்தாள். பெட்டிக்காக மகள் எழுதியதெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் என்ன கேட்பது என்று தெரிந்திருக்காது. பெட்டிதான் செருப்பு அலமாரி மேல் இருக்கிறதே, அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கிறதே.

அந்த இலையுதிர் காலத்தில் ஒரு காலை யூயே என் கதவைத் தட்டினாள். வேலைக்குப் போகும் உடையில் இருந்தாள்.

"மேல வந்து கேளேன். பெட்டிக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கு. மழையும் இல்ல, சாவியும் கையில இருக்கு. என்னமோ பாடுது."

போனேன். அவள் கதவை மூடித் திறந்தாள். பெட்டி பாடியது. மெதுவான மெட்டு. நாலைந்து சுரம் ஏறி, நடுவில் மூச்சு வாங்குவதுபோல நின்று, மறுபடி தொடங்கிய இடத்துக்கே வந்தது.

"என்ன பாட்டு இது? கேட்ட மாதிரியும் இருக்கு, கேக்காத மாதிரியும் இருக்கு."

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. இத்தனை வருஷமாக என் சமையலறைக் கூரை வழியாகக் கேட்கும் மெட்டு அது. "இது நீதான்" என்றேன். "பூண்டு உரிக்கும்போது நீ முனகுவியே. நடுவுல நிறுத்தறது நீ பூண்டுத் தோல ஊதற இடம்."

"நானா? நான் எங்க முனகறேன்?"

"உனக்கு எப்படித் தெரியும்? கேக்கறவங்களுக்குத்தானே தெரியும்."

அவள் பெட்டியையே பார்த்தாள். பிறகு சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். பெரிய எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் சந்திர மாதத் தேதியை விரல் வைத்துப் படித்தாள். அடையாள அட்டையில் இருப்பது அரசாங்கத்தின் தேதி. அவள் பிறந்தநாள் சந்திர மாதக் கணக்குப்படி, ஒன்பதாம் மாதத்தில். வருஷத்துக்கு வருஷம் இங்கும் அங்கும் நகரும். அதை ஞாபகம் வைத்து ஒவ்வொரு வருஷமும் காலண்டரில் தேடிச் சொல்வது பெய்யுன்தான். "ஏம்மா உன் பொறந்தநாள் நிலாவோட சுத்துது? ஒரு எடத்துல நில்லேன்" என்று திட்டிக்கொண்டே தேடுவாள்.

யூயே கதவை மறுபடி மூடித் திறந்தாள். மறுபடி. அன்று அவள் வேலைக்குப் போகவில்லை. மறுநாள் கதவு திறந்தபோது பெட்டி பேசாமல் இருந்தது.

அடுத்த வருஷமும் சரியான நாளில் பாடியது. சந்திரக் கணக்கில் நடுவில் ஒரு மாதம் கூடுதலாக வந்த வருஷம் அது. ஆங்கிலத் தேதி எங்கோ போயிருந்தது. பெட்டி ஏமாறவில்லை. அந்த வாரம் லியாவ் மீன் கொண்டுவந்து கொடுக்க வந்தார். பெய்யுன் போன பிறகு மாதம் ஒருமுறை ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு வருவார். யூயே பெருமையாகச் சொன்னாள்.

"நிலாவப் பாத்துக் கண்டுபிடிக்குது, லியாவ் ஐயா."

லியாவ் தலையைச் சொறிந்தார். "இல்லக்கா. சந்திர மாசக் கணக்கெல்லாம் இந்தச் சின்ன போர்டுக்குச் சிரமம். அவ தேதிகளையே வரிசையா எழுதி உள்ள வெச்சிருப்பா. இந்த வருஷம் இந்தத் தேதி, அடுத்த வருஷம் இந்தத் தேதின்னு."

"எந்த வருஷம் வரைக்கும்?"

நானும் லியாவும் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சாகப் போகிற பெண் காலண்டரை வைத்துக்கொண்டு தன் அம்மாவுக்கு எத்தனை வருஷம் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். ஏதோ ஓர் எண்ணில் நிறுத்தியிருக்கிறாள்.

"வேணும்னா உள்ள இருக்கறத வெளிய எடுத்துப் பாக்கலாம்" என்றார் லியாவ். "நான் பண்ணித் தரவா?"

"வேணாம். அவ போட்டு வெச்சது வர்றப்ப வரட்டும். நின்னா நின்னுட்டுப் போகட்டும். நான் எண்ணிக்கிட்டு உக்கார மாட்டேன்."

அதன்பிறகு அவள் வாழ்க்கையில் ஒரு வருஷம் என்பது அந்த நாளிலிருந்து அந்த நாள் வரைக்கும். வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் புதுக் காலண்டர் வந்தால் முதலில் ஒன்பதாம் மாதத்தைத்தான் புரட்டுவாள். இரத்த அழுத்த மாத்திரையை ஒழுங்காகப் போட ஆரம்பித்தாள். "ஐயோ, இவ எண்பது வரைக்கும் போட்டிருந்தா நான் எண்பது வரைக்கும் படி ஏறணுமே" என்று ஒருநாள் முட்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். அப்படிச் சொல்லும்போது முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது.

மூன்றாம் வருஷக் கோடையில் பெட்டி ஊமையாகிவிட்டது. கொட்டும் மழையில் கதவைத் திறந்தாள், சத்தமில்லை. சாவியைக் கொக்கியில் விட்டுத் திறந்தாள், சத்தமில்லை. உள்ளே பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. சனிக்கிழமைக்காகக் காத்திருந்து, பெட்டியைக் குளியல் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள். துணைக்கு நானும் போனேன். கூட்டத்துக்குக் கொடுக்க ஒரு பை நிறைய மீன்மாவு வறுவல் வாங்கிக்கொண்டாள்.

மாடியில் எல்லாரும் எழுந்து நின்று வரவேற்றார்கள். ஆ-ஹுய் வறுவல் பையை முதலில் வாங்கிக்கொண்டார்.

"அக்கா, உங்க பல்ல ஒருநாள் காட்டுங்கன்னு எத்தனை தரம் கூப்பிட்டிருப்பேன். பெட்டிய மட்டும் கொண்டு வர்றீங்க."

"பெட்டிக்கு வலிக்குது, எனக்கு வலிக்கல. வறுவல் போதுமா, இன்னொரு பை வேணுமா? உன் வயிறு கேக்குதே."

எல்லாரும் சிரித்தார்கள். லியாவ் துண்டைப் பிரித்து, டப்பாவைத் திறந்து, பலகையை மெல்ல வெளியே எடுத்தார். "பாருங்க, அவளோட மீன் உருண்டைங்க" என்று சால்டரிங்கைக் காட்டினார். மறுபடி சிரிப்பு. ஆ-ஹுய் ஏதோ பழைய கதையை ஆரம்பித்தார், பெய்யுன் ஒருமுறை அவருடைய நாற்காலிக்கு அடியில் சத்தப்பெட்டி வைத்த கதை. லியாவ் கேட்டுக்கொண்டே பலகையை லேப்டாப்பில் வயரால் இணைத்தார்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் எந்தப் பலகையைக் கொண்டுவந்து வேலை செய்யவில்லை என்றாலும் "முதல்ல சிமிட்டிப் பாத்தியா?" என்பார்கள். பலகையிலேயே ஒரு துளி விளக்கு இருக்கும். அதை அணைத்து அணைத்து எரிய வைக்கும் சின்ன புரோகிராம் ஒன்றை ஏற்றிப் பார்ப்பார்கள். சிமிட்டினால் பலகைக்கு உயிர் இருக்கிறது, கோளாறு வேறெங்கோ. இந்த வேலையில் எல்லாரும் கற்றுக்கொள்ளும் முதல் பாடமே அதுதான். கை தானாகச் செய்யும்.

லியாவின் கை செய்தது. ஆ-ஹுய் கதையின் முடிவுக்கு லியாவ் சிரித்துக்கொண்டிருந்தார். பலகையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி எரிந்து அணைந்தது. எரிந்து அணைந்தது.

"ஆ! கண்ண முழிச்சிடுச்சு!" யூயே கை தட்டினாள். "பாரு ஷூஹுய், உயிர் வந்துடுச்சு!"

ஆ-ஹுய் வாயில் வறுவலோடு அப்படியே இருந்தார். லியாவ் லேப்டாப் மேலிருந்து கையை எடுத்து, சுட்டுக்கொண்டவர்போல மடியில் வைத்துக்கொண்டார். நான் அவர்கள் முகங்களைப் பார்த்த பிறகுதான் யூயேயின் முகத்தைப் பார்த்தேன். அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன எல்லாரும் கம்முனு ஆயிட்டீங்க?"

லியாவ் நாற்காலியை விட்டு எழுந்தார். பிறகு உட்கார்ந்தார். "அக்கா" என்றார். "நான் வேற புரோகிராம ஏத்திட்டேன்."

"சரி. அத எடுத்துட்டு அவளோடத ஏத்துங்க."

"ஒண்ணத்தான் வெச்சிருக்கும் இது. புதுசு ஏறினா பழசு போயிடும்."

"போயிடும்னா? எங்க போயிடும்?"

"முதல்ல இருந்தத காப்பி எடுத்து வெச்சிருக்கணும். ரெண்டு நிமிஷ வேலை. நான் எடுக்கல." அவர் குரல் ஒரே சீராக இருந்தது. லிஃப்ட் ஏன் நின்றது என்று விளக்குகிறவர் குரல் மாதிரி. "பேசிக்கிட்டே செஞ்சிட்டேங்கா. கை பழக்கத்துல செஞ்சிடுச்சு."

யூயே அந்தப் புள்ளியைப் பார்த்தாள். "அப்ப இது என்ன சொல்லுது?"

"எனக்கு உயிர் இருக்குன்னு சொல்லுது. வேற ஒண்ணும் இல்ல."

அன்று அவர்கள் எவ்வளவோ முயன்றார்கள். அந்தச் சிமிட்டும் புரோகிராம் மிகச் சிறியதாம். பெரிய சுவரில் ஒட்டிய சின்ன நோட்டீஸ் மாதிரி முன்பக்கத்தை மட்டும் மறைக்குமாம். பின்னால் மிச்சமிருப்பதைப் படித்துப் பார்க்கலாம் என்று ஆ-ஹுய் நம்பிக்கை கொடுத்தார். நாலு தலைகள் ஒரு லேப்டாப்புக்கு முன்னால் குனிந்தன. எண்களும் எழுத்துகளுமாகப் பக்கம் பக்கமாக ஓடின. சாயங்காலம் ஆனது. தேதிகளையும் மெட்டுகளையும் வைக்கும் இடம் முன்பக்கம்தான் என்றும், நோட்டீஸ் ஒட்டப்பட்டதும் அதே இடத்தில்தான் என்றும் கடைசியில் சொன்னார்கள். கம்பெனிக்குப் போன் போட்டார்கள். அந்த லேப்டாப்பில் இருந்ததெல்லாம் அழிக்கப்பட்டு, அது இரண்டு ஆள் கைமாறிவிட்டதாம்.

பெட்டியின் கோளாறு என்ன என்பதை லியாவ் கிளம்பும்போதுதான் கண்டுபிடித்தார். சத்தம் எழுப்பும் சின்ன ஒலிபெருக்கிக்குப் போகும் கம்பி ஒன்று விட்டுப் போயிருந்தது. ஒரு மீன் உருண்டை கழன்றிருந்தது. அவ்வளவுதான்.

பஸ் எங்கள் நிறுத்தத்துக்கு வரும்போது யூயே சொன்னாள்: "அந்தாளு முகத்தப் பாத்தியா? இனிமே மீன் கொண்டு வர மாட்டாரு."

வந்தார். இரண்டு வாரம் கழித்து, கதவுக்கு வெளியே நின்றபடி மீன் பையை நீட்டினார். யூயே வாங்கிக்கொண்டு, "உள்ள வந்துட்டுப் போங்க. மழையில நிக்காதீங்க" என்றாள். லியாவ் பெட்டியை மறுபடி சரிசெய்து கொடுத்தார். கம்பியைப் பற்றவைத்தார். மூன்று வாரம் உட்கார்ந்து, ஆ-ஹுயிடம் திட்டு வாங்கி, மழைக்கும் சாவிக்கும் தானே புரோகிராம் எழுதினார். குப்பை வண்டிப் பாட்டு சுலபமாக வந்தது. மழை மெட்டை நான் பாடிக் காட்டினேன். முனகும் மெட்டுதான் கிடைக்கவில்லை. யூயேயைப் பாடச் சொன்னார். அவள் பூண்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தாள். வரவில்லை. மகள் போனதிலிருந்து அவள் முனகுவதில்லை என்பதை அப்போதுதான் நானும் கவனித்தேன். என் கூரை இரண்டு வருஷத்துக்கு மேலாகச் சத்தமில்லாமல் இருந்திருக்கிறது.

"எனக்குப் பாதி ஞாபகம் இருக்கு" என்றேன். "அத வெச்சு..."

லியாவும் ஆவலாகத் தலையாட்டினார். "தேதிங்கள நான் காலண்டர் பாத்துப் போட்டுடறேன், அக்கா. எந்த வருஷம் வரைக்கும் போடணும்னு மட்டும் சொல்லுங்க."

யூயே பூண்டைக் கிண்ணத்தில் போட்டாள்.

"மழைக்கும் சாவிக்கும் நீங்க போதும், லியாவ் ஐயா. இதுக்கு வேணாம்."

"அக்கா, நான் செஞ்ச தப்புக்கு..."

"தப்புக்கு இல்ல. நீங்க எத்தனை வருஷம் போட்டாலும் அது நீங்க போட்டது. அதக் கேட்டு நான் என்ன பண்றது?"

ஒன்பதாம் மாதம் வந்தது. அவள் பிறந்தநாள் காலையில் நான் பன்றிக்கால் போட்ட சேமியாவும் அவித்த முட்டையும் எடுத்துக்கொண்டு மேலே போனேன். ஆயுள் நீள வேண்டும் என்று நீளமாகவே போடும் சேமியா, வெட்டக் கூடாது. அவள் வேலைக்குக் கிளம்பிச் செருப்புப் போட்டு, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, திறந்த கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் கதவை மூடினாள். மறுபடி திறந்தாள். பெட்டி பேசவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள். "சும்மா பாத்தேன்."

உட்கார்ந்து சாப்பிட்டாள். சேமியாவை அறுபடாமல் உறிஞ்ச முடியாமல் பாதியில் கடித்துவிட்டாள். "அடடா" என்றேன் நான். "போகட்டும் விடு" என்றாள்.

"யூயே, ஒருவேளை போன வருஷத்தோடயே முடிச்சிருப்பா. அவளுக்கு அப்ப உடம்பு என்ன நெலமையில இருந்துச்சு? ரெண்டு வருஷம் போட்டதே பெரிசு."

"நானும் அப்படித்தான் சொல்லிக்கிறேன்." முட்டை ஓட்டைத் தட்டி உரித்தாள். "பகல்ல அப்படித்தான் நெனைக்கிறேன். ஆனா அவ அரைகுறையா எதுவும் பண்ண மாட்டா, ஷூஹுய். சின்னதுல வீட்டுப்பாடத்துக்கு அஞ்சு கணக்குன்னா பத்து போடுவா. அவ எண்பது வரைக்கும் போட்டிருப்பா. தொண்ணூறு வரைக்கும்கூடப் போட்டிருப்பா." முட்டையை இரண்டாகப் பிட்டு ஒரு பாதியை என் கிண்ணத்தில் வைத்தாள். "அப்ப வருஷா வருஷம் இந்த நாள்ல அவ என்னக் கூப்பிடறா. எனக்குத்தான் கேக்கல."

நான் சாப்பிட்டேன்.

அவள் எழுந்து, கிண்ணத்தைக் கழுவி வைத்து, கதவைத் திறந்தாள். இந்த முறை பெட்டி பாடியது. வெளியே தூற ஆரம்பித்திருந்தது. லியாவ் எழுதிய மழை மெட்டு, பெய்யுனுடையதைவிடக் கொஞ்சம் வேகம். யூயே கடைசிச் சுரம் வரைக்கும் நின்று கேட்டாள். பிறகு குடையை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள்.